தலைக்கட்டில் ஏறாத பெயர்

பழவேற்காடு ஏரியை ஒட்டி, பட்டினவர் என்ற மீனவச் சாதியினர் வாழும் குப்பங்களில் ஒருவனுக்குக் கல்யாணம் ஆனதும் ஊர்க் கணக்கில் அவன் பெயர் தனியாக ஏறுகிறது. அதுவரை அப்பாவின் தலைக்கட்டுக்குள் அடங்கியிருந்தவன் இனித் தானே ஒரு தலைக்கட்டு. அம்மன் கோயில் திருவிழாவுக்கு வரி கட்ட வேண்டும். ஊர்க் கூட்டத்தில் உட்காரலாம், பேசலாம். ஏரியில் பாடு, அதாவது முறைவைத்து வலை போடும் இடம், உள்ள ஊர் என்றால் அதில் அவனுக்கும் பங்கு வரும். அடுத்த வருஷம் பிள்ளை பிறக்கும்போது, இந்த ஊரில் நமக்கு யார் இருக்கிறார்கள் என்று அந்த இளம் தகப்பன் யோசிக்க வேண்டியதே இல்லை. அதே கல்யாணத்தில் இன்னொரு குப்பத்திலிருந்து வந்து இறங்கும் பெண்ணின் பெயர் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. புது ஊருக்கு வந்தவள் அவள். பிள்ளையை இடுப்பில் சுமந்துகொண்டு அந்த ஊரில் தனக்கொரு இடத்தைத் தேடப் போகிறவளும் அவள்தான்.

கைக்குழந்தையோடு புது ஊரில் துணை தேடுவது என்றாலே நகரத்தை நினைக்கிறோம். வேலைக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ வந்த தம்பதி, எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாத அடுக்குமாடி, காய்ச்சலில் கிடக்கும் குழந்தை, ஊரிலிருந்து ரயிலேறி வரவேண்டிய அம்மா. குப்பத்தில் இந்தச் சிக்கல் கிடையாது, அங்கே எல்லோரும் சொந்தம், பிள்ளை தானாக வளர்ந்துவிடும் என்று ஒரு நினைப்பு நமக்குள் இருக்கிறது. பாதி உண்மைதான் அது. மீதிப் பாதியைப் பார்க்கப் பழவேற்காடு நல்ல இடம். ஒரு ஊர் யாரைத் தன்னவர் என்று ஏற்றுக்கொள்கிறது, எதைக் கொடுத்து ஏற்றுக்கொள்கிறது என்பது அங்கே எழுதாத சட்டமாக நெடுங்காலம் இருந்துவருகிறது. பங்கு கொடுத்து வரி வாங்கும்போதுதான் ஒருவர் ஊரின் ஆளாகிறார். பங்கு கிடைக்காதவர்கள் தங்களுக்கான ஊரைத் தாங்களே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கல்யாணம் முடித்து வந்த பெண்கள், இருளர்கள், துறைமுகத்துக்காக இடம் பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் எல்லாம் அந்த வரிசையில் வருகிறார்கள்.

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் இருக்கிறது. ஒடிஷாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்முனை நம் பக்கம். தெற்கே ஆரணி ஆறும் வடக்கே காளங்கி, சுவர்ணமுகி ஆறுகளும் நன்னீர் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வந்து போகிறது. வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் தீவு ஸ்ரீஹரிகோட்டா. ஏரியில் மடவையும் நண்டும் கிடைக்கும் என்றாலும் இக்கரையின் கணக்குவழக்கெல்லாம் இறாலைச் சுற்றித்தான்.

வந்தவர்கள் தங்கிய ஊர் இது. கடல் வணிகத்தில் வந்து நிலைத்த முஸ்லிம்கள் உண்டு. டச்சுக்காரர்கள் இங்கே கால் ஊன்றி, 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்குத் தலைமையிடத்தை மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய அதிகாரத்தின் நடுப்புள்ளி இதுதான். துணியோடு மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றிப் படேவியாவுக்கு அனுப்பிய துறைமுகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்று டச்சுக் கல்லறைகளைப் பார்க்க வருகிறவர்கள் அந்தக் கணக்கை அதிகம் கேட்பதில்லை.

பாடுகளைப் பிரித்துக்கொள்ளும் பாட்டு முறையை அருகில் போய்ப் பார்த்தால்தான் ஊர் என்ற ஏற்பாட்டின் நுட்பம் புரியும். ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறால் படாது. முகத்துவாரத்தை ஒட்டி, நீரோட்டம் இறாலை இழுத்துவரும் சில இடங்கள்தான் பொன் விளையும் இடங்கள். அவற்றுக்காக அடித்துக்கொள்ளாமல் இருக்கக் கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களும் பாடுகளைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டன. எந்த அணி எந்தப் பாட்டில் எந்த நாளில் சுத்து வலை போடும் என்பதைச் சீட்டுக் குலுக்கலும் முறைவைப்பும் தீர்மானிக்கும். இன்று மோசமான இடம் விழுந்தவனுக்கு முறை சுற்றி வரும்போது நல்ல இடம் கிடைக்கும். பணக்காரன் என்பதற்காக இரண்டு பங்கு கிடையாது. முறை தவறியவனை ஊர்ப் பஞ்சாயத்து கேட்கும், தண்டம் போடும்.

இந்த முறை பழவேற்காட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. கொச்சியின் வைப்பின் கரையிலும் பாட்டு முறை இருந்ததை ஆய்வாளர்கள் கென்டன் லோபும் ஃபிக்ரெத் பெர்க்கெஸும் 2004-ல் எழுதினார்கள். இலங்கையின் நீர்கொழும்புக் களப்பில் கட்டுவலை போடும் சங்கங்கள் இதேபோலச் சீட்டுக் குலுக்கி இடம் பிரித்துக்கொள்கின்றன. 1958-ல் அதற்கு அரசு விதிகளே வந்துவிட்டன. பொதுவளத்தை மக்கள் தாங்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று 1990-ல் எலினோர் ஆஸ்ட்ரம் எழுதிய புத்தகம் 2009-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க முக்கியக் காரணம். அவர் வகுத்துச் சொன்ன முதல் நிபந்தனை, யார் உள்ளே, யார் வெளியே என்ற எல்லை தெளிவாக இருக்க வேண்டும் என்பது. பழவேற்காட்டில் அந்த எல்லை மிகத் தெளிவு: பட்டினவராக இருக்க வேண்டும், அந்த மூன்று ஊர்களில் ஒன்றைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், தலைக்கட்டு ஆணாக இருக்க வேண்டும்.

அந்தத் தெளிவை நான் மதிக்கிறேன். அது இல்லாவிட்டால் இறாலின் ஏற்றுமதி விலை ஏறிய நாள்களில் ஏரியைப் பணம் படைத்தவர்கள் எப்போதோ பங்குபோட்டிருப்பார்கள். ஆனால் அதே எல்லைதான் பாடு இல்லாத மற்ற ஊர்க்காரர்களோடு ஓயாத வழக்குகளையும் கொண்டுவந்தது. இங்கே களஆய்வு செய்த சாரா கௌல்ட்ஹார்ட், ஏரி மாறும்போது யார் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதில் சாதிக்கும் பாட்டு உரிமைக்கும் உள்ள பங்கை 2008-ல் விரிவாக எழுதினார். ஏரியின் உயிரினங்களைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் பி. ஜே. சஞ்சீவராஜின் எழுத்துகளையும் இவற்றோடு சேர்த்துப் படித்தால், மீனும் மனிதரும் தனித்தனிக் கதைகள் இல்லை என்பது விளங்கும்.

தலைக்கட்டுக்கு என்ன பலம் என்று நாடு முழுக்கத் தெரிந்தது 2004 சுனாமிக்குப் பிறகு. சோழமண்டலக் கரையின் ஊர்ப் பஞ்சாயத்துகளைப் பற்றி மார்ட்டன் பாவிங்க் அதற்கு முன்பே, 2001-ல், ஒரு நூல் எழுதியிருந்தார். அவர் விவரித்த அமைப்புகள்தான் நிவாரணப் பொருள் குவிந்த நாள்களில் அதை வாங்கி, பொதுவில் சேர்த்து, தலைக்கட்டு வாரியாகச் சரிசமமாகப் பிரித்தன. அதிகாரிகள் வியந்தார்கள், வியக்கத் தகுந்த காரியம்தான். ஆனால் பட்டியலில் தனிப் பெயராக இல்லாதவர்களுக்குச் சரிசமம் என்பது என்ன? சில ஊர்களில் கணவனை இழந்தவளின் வீடு அரை வரி கட்டியது. அரைப் பங்கு வாங்கியது. கைக்குழந்தையோடு விதவையானவளுக்குச் செலவு மட்டும் பாதியாகக் குறைந்துவிடவில்லை.

இப்போது அந்தப் பெண்ணிடம் வருவோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது தமிழ்நாடு முழுக்க உள்ள வழக்கம்; மீனவர் வீடுகளிலும் அப்படியே. வளைகாப்பு முடிந்து போனவள் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடும் சீரோடும் திரும்பி வருகிறாள். அங்கே பத்தியம் சமைத்துக் கொடுத்த கை, ராத்திரி குழந்தையை வாங்கிக்கொண்ட மடி, எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டிய பாட்டி எல்லாம் ஒரே நாளில் பின்னால் நின்றுவிடுகின்றன. இந்தப் பக்கம் வீட்டுக்காரன் ராத்திரி வலைக்குப் போகிறவன். விடியற்காலை அவன் கரை ஏறும் நேரம்தான் வீட்டில் அதிகப்படி வேலை உள்ள நேரம். மாமியார் மீன்கூடை எடுத்து விற்பவராக இருந்தால் அவரும் அந்நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டார். பக்கத்து ஊரில் அத்தை வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டவள் கொஞ்சம் கொடுத்துவைத்தவள். தூரத்துக் குப்பத்திலிருந்து வந்தவளுக்கு முதல் ஆறேழு மாதம் பெரும்பாடு.

மனம் தளர்வதற்கு இது எவ்வளவு காரணமாகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. வேலூர் அருகே கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்குப் பிறகும் தொடர்ந்து கவனித்து மஞ்சுளா சந்திரனும் பிரதாப் தரியன் உள்ளிட்டோரும் 2002-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். காரணங்களில் வறுமை இருந்தது. ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது இருந்தது. மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு சரியில்லாதது இருந்தது. இவற்றோடு இன்னொன்று: வேலையில் கைகொடுக்க ஆள் இல்லாதது. ஆறுதல் சொல்ல ஆள் கிடைப்பது வேறு, குடம் தூக்க ஆள் கிடைப்பது வேறு. கிராமத்தில்தானே இருக்கிறாள், சுற்றி ஆள் இருக்கிறார்களே என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் வைக்க வேண்டும். மனிதக் குழந்தை தாய் ஒருத்தியால் வளர்க்கப்படும்படி உருவானதே இல்லை, பலர் கைமாறி வளர்வதே நம் இனத்தின் இயல்பு என்று மானிடவியலாளர் சாரா ஹர்டி 2009-ல் ஒரு நூல் முழுக்க வாதிட்டார். நம் பாட்டிமாருக்கு இதற்குப் புத்தகம் தேவைப்படவில்லை என்பது உண்மை. அந்தப் பல கைகள் புது ஊரில் எங்கிருந்து வரும் என்பதற்கு அவர்களிடமும் ஆயத்தப் பதில் கிடையாது.

ஊர்க் கணக்கில் இல்லாதவள் ஊருக்குள் நுழையும் வழிகள் வேறு. ஏலக்கரை அவற்றில் முதன்மையானது. விடியலில் படகுகள் கரை சேரும்போது இறாலும் நண்டும் மீனும் கூறு கூறாகத் தரையில் கொட்டப்படும். ஏலம் விடுகிறவர் குரல் ஏற ஏற, சுற்றி நிற்கும் பெண்கள் கண்ணாலேயே கூறை எடைபோட்டு விலை சொல்வார்கள். ஒருத்தியாகக் கூறு எடுக்கக் காசு போதாவிட்டால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து எடுத்து அங்கேயே பிரித்துக்கொள்வார்கள். வண்டியில் யார் கூடை முன்னால் ஏறும், இன்று யார் எந்தச் சந்தைக்குப் போவது, யாருக்கு வட்டிக்காரனிடம் நாளைக்குத் தவணை என்பதெல்லாம் அந்த அரைமணி நேரத்தில் பேசி முடியும். மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே முதன்முதலில் வந்து நிற்கும் மருமகள் மீன் வாங்க மட்டும் கற்றுக்கொள்வதில்லை. யாரிடம் கைமாற்றுக் கேட்கலாம், யாரிடம் பிள்ளையை விட்டுப் போகலாம் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொள்கிறாள். பாட்டில் பங்கு இல்லாத பெண்கள் ஏலத்தில் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். ஊர் என்ற அமைப்பை அவர்கள் தங்கள் கையால் இரண்டாம் முறை உண்டாக்குகிறார்கள் என்றே இதைச் சொல்வேன்.

அரசும் சில வாசல்களைத் திறந்தது. 1975-ல் வந்த அங்கன்வாடி, 1980-ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆகிய இரண்டையும் சோற்றுக் கணக்காகவும் எடைக் கணக்காகவும் மட்டும் பார்ப்பது குறைப்பார்வை. ஊட்டச்சத்துத் திட்டத்தில் ஊரைச் சேர்ந்த பெண்களையே ஊழியராக எடுத்தார்கள். ஏழ்மையிலும் தன் பிள்ளையை நன்றாக வளர்த்தவள் என்று பெயரெடுத்த தாய்க்கு முன்னுரிமை தந்தார்கள். மற்ற தாய்மாருக்கு அவள் சொல் எடுபட்டதற்கு அதுவே காரணம். சத்துமாவு வாங்கவும் எடை பார்க்கவும் மாதாமாதம் ஒரே இடத்துக்கு வரும் பெண்கள், மாமியாரின் அனுமதி கேட்கத் தேவையில்லாத ஒரு சந்திப்பைப் பெற்றார்கள். 1989-ல் தருமபுரியில் தொடங்கிப் பரவிய சுயஉதவிக் குழுக்கள் அடுத்தபடி. குழுவின் நோட்டில் அவள் பெயர் ‘இன்னார் மனைவி’ என்ற ஒட்டாக அல்லாமல் உறுப்பினராகவே ஏறுகிறது. மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் அவள் 1,500 ரூபாய் போட்டால் அரசின் 3,000 சேர்ந்து 4,500 ஆக, மீன் படாத மாதங்களில் அவள் கைக்கே திரும்பி வருகிறது. தொகை சிறிது. ஆனால் மீனவர் என்ற சொல்லுக்குள் அரசு அவளைத் தனியாள் என்று எண்ணுகிற சில இடங்களில் இது ஒன்று.

பழவேற்காட்டு நகருக்குள் முஸ்லிம் வீடுகளின் பெண்கள் பனையோலைக் கூடையும் பெட்டியும் முடைகிறார்கள். வீட்டுத் திண்ணையில், பிள்ளையைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டு, நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை. வருமானம் குறைவு என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிள்ளை பெற்ற பிறகும் விடாமல் செய்யக்கூடியது, கூட்டாகச் செய்யக்கூடியது என்ற இரண்டு குணங்களும் சேர்ந்த வேலை பெண்களுக்கு எவ்வளவு அரிது என்பதையும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இருளர் கதை தனி. ஆந்திரப் பக்கத்தில் ஏனாதிகள், இந்தப் பக்கத்தில் இருளர்கள். வலையும் படகும் இல்லாமல் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள். இடுப்பளவு, சில சமயம் கழுத்தளவு சேற்று நீரில் குனிந்து, இரண்டு கைகளாலும் தரையைத் தடவி, அகப்பட்ட இறாலைப் பனையோலைப் பறிக்குள் போடுகிறார்கள். கைகள் இரண்டும் வேலையில் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். இளம் தாய்மார்களும் இந்த வேலைக்கு இறங்குகிறார்கள். கரையில் மூத்த பிள்ளையின் மடியில் இளைய பிள்ளை. பாட்டில் இவர்களுக்கு இடமில்லை, ஊர் வரியும் இவர்களிடம் யாரும் கேட்பதில்லை. வரி கேட்கப்படாதது சலுகை மாதிரித் தெரியும். உண்மையில் அது வெளியே நிறுத்திவைப்பது. சாதிச் சான்றிதழுக்கே வருஷக்கணக்கில் அலையும் குடும்பங்களுக்கு அங்கன்வாடியும் பள்ளியும் தூரமாகத்தான் இருக்கின்றன. இவர்களிடையே உறவுகள் நெருக்கமானவை. பிள்ளை யார் குடிசையிலும் சாப்பிடும், யார் குடிசையிலும் தூங்கும். ஆனால் அந்த நெருக்கத்துக்குக் கீழே பிடிமானமாக ஒரு துண்டு நிலமோ, நீரில் ஒரு பங்கோ இல்லை.

குப்பமே இடம்பெயர்ந்தால் என்ன ஆகும்? 1969-ல் ஏவுதளத்துக்கு ஸ்ரீஹரிகோட்டா தேர்ந்தெடுக்கப்பட்டபோது தீவின் குடிகள் வெளியேற வேண்டியிருந்தது. 1971-ல் முதல் ராக்கெட் பறந்தது. வெளியேறிய தாய்மார் எந்தக் கிணற்றடியில் யாரோடு மறுபடி பழக்கம் பிடித்தார்கள் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. பிறகு தென்கரையில் காட்டுப்பள்ளி. கப்பல் கட்டும் தளத்துக்காக அந்தக் குப்பம் இடம் மாற்றப்பட்டது. குடும்பத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் ஒப்பந்த வேலை வந்தது. அதை நிரந்தரமாக்கச் சொல்லி ஊர்க்காரர்கள் திரும்பத் திரும்பப் போராடியிருக்கிறார்கள். வேலை ஆணுக்கு, வீடு குடும்பத்துக்கு என்று கணக்குப் போட்டவர்கள், மீன் கரை ஏறாத ஊரில் பெண்களின் ஏலக்கரை என்னவாகும் என்று கேட்கவில்லை. சுனாமிக்குப் பிறகு சென்னையின் கடலோரக் குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் கொண்டுபோனபோதும் இதுவே நடந்தது. சுவர் கிடைத்தது. கூடை வியாபாரமும், பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு ஆயாவும் கிடைக்கவில்லை.

காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018-ல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. அதை 6,110 ஏக்கருக்கு விரிக்கும் திட்டத்துக்கான பொதுக் கருத்துக்கேட்பு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் தேதி குறித்துத் தள்ளிவைக்கப்பட்டது. கடல் அரிப்பு, முகத்துவாரம் தூர்வது, இறால் குறைவது பற்றி ஊர்கள் பேசியிருக்கின்றன, நியாயமான பேச்சு. முகத்துவாரம் அடைபட்டால் பாடு வறளும். பாடு வறண்டால் இளைஞர்கள் எண்ணூருக்கும் சென்னைக்கும் கூலி வேலைக்குப் போவார்கள். ஒரு தலைமுறைக்கு முன் ஏரியில் பங்கு வாங்கிய வயதில், இன்று இருபத்தைந்து வயதுத் தகப்பன் வாடகை வீட்டில் மனைவியையும் கைக்குழந்தையையும் வைத்துவிட்டுப் பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்குப் போகிறான். அவன் அம்மா அனுபவித்த புது ஊரின் தனிமை இப்போது அவனையும் வந்து சேர்ந்திருக்கிறது. தேர்த் திருவிழாவுக்கு வரி அனுப்பிவிடுகிறான், ஊரில் பெயர் இருக்கிறது. வாடகை வீடு இருக்கும் தெருவில் அவனிடம் வரி கேட்க ஆள் கிடையாது.

இனி எந்தத் திட்டத்துக்காக எந்தக் குப்பத்தின் வீடுகளை எண்ணினாலும், தலைக்கட்டோடு நிறுத்தாமல், அந்த வீட்டுப் பெண் எந்தக் கரையில் மீன் எடுக்கிறாள், அந்நேரம் பிள்ளை யாரிடம் இருக்கிறது என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். இருளர் குடியிருப்புகளையும் அதே படிவத்தில், அதே வரிசையில் எழுத வேண்டும். இப்போதே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. அங்கன்வாடி திறக்கும் நேரத்துக்குள் ஏலம் முடிந்து கூடைகள் சந்தைக்குப் போய்விடுகின்றன. அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்த 2022 முதல் ‘பால்னா’ என்ற ஒன்றிய அரசுத் திட்டம் இருக்கிறது. பழவேற்காட்டு ஏலக்கரைக்குப் பக்கத்தில், விடியற்காலை நாலு மணிக்குத் திறக்கும் ஒரு காப்பகத்தை அதன் கீழ் மாவட்ட நிர்வாகம் தொடங்க வேண்டும். அதை நடத்தும் பொறுப்பைக் கூடை எடுக்கும் பெண்களின் குழுவிடமே கொடுக்க வேண்டும்.